புள்ளி வைத்த வாசனை

மழை பெய்தால் மூக்கனுக்கு வேலை சுலபம். வெயில் நாளில் மண்ணுக்குள் கசிகிற எரிவாயுவைத் தேடி, மெஷினைத் தரையோடு இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வேண்டும். மழை நாளில் தெருவோரக் குட்டையைப் பார்த்தால் போதும். மழைத்துளி எழுப்புகிற குமிழி இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்து உடையும். குழாயிலிருந்து வருகிற குமிழி ஒரே இடத்தில், தூங்குகிறவன் மூச்சு விடுகிற மாதிரி, விட்டு விட்டு வரும்.

அப்படி ஒரு குட்டையின் முன்னால் அவனும் சாவியும் குந்தியிருந்தார்கள். வால்வு மூடுகிற இரண்டடி இரும்புச் சாவியை இருபது வருஷமாகத் தோளில் சுமக்கிறவன் என்பதால் அவனுக்குச் சாவி என்று பெயர். மெஷின் கூவுவதற்கு முன்பே வாடை தெரிந்துவிடும் என்பதால் இவன் மூக்கன். சம்பள நாளில் மட்டும்தான் இருவரையும் சொந்தப் பெயரில் கூப்பிடுவார்கள்.

"நல்லா கொதிக்குதுடா," என்றான் சாவி. "டீத்தூள் போட வேண்டியதுதான் பாக்கி."

"தோண்டு."

முழங்கால் ஆழத்தில் பழைய இரும்புக் குழாய் தெரிந்தது. துரு, மரப்பட்டை மாதிரிப் பெயர்ந்து வந்தது. இணைப்பைத் துடைத்து, டேப்பைச் சுற்றி, மேலே கவ்வியைப் போட்டு இறுக்கினார்கள். மூக்கன் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிவிட்டுப் பார்த்தான். நுரை அசையவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வண்டிக்குள் ஏறி ஷீட்டை எடுத்தான்.

ஷீட்டில் 'கண்டறிந்தது' என்று ஒரு கட்டம். அதில் இரண்டு சொற்களில் ஒன்றைத்தான் எழுதலாம். வாசனை, அல்லது கசிவு. கசிவு என்று எழுதினால் அந்த இடத்திலிருந்தே சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும், எரிவாயுவை நிறுத்தித் தெருவையே மூட வேண்டும், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிக்கை போக வேண்டும். சமையல் நேரத்தில் தெருவை மூடினால் ஜனங்கள் துடைப்பத்தோடு வருவார்கள். கம்பெனிக்கு ஒரு கறுப்புப் புள்ளி விழும். வாசனை என்று எழுதினால், வந்தார்கள், பார்த்தார்கள், ஒன்றுமில்லை, போனார்கள் என்று பொருள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் கண்டுபிடித்தவர் டிப்போ சூப்பர்வைசர். மூக்கனுடைய பெண்டாட்டியின் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மூக்கன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஷீட்டை முன்னால் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

"வாசனைன்னு எழுது, மாப்பிள. எழுதிட்டுத் தலைமேல ஒரு புள்ளி வை. அந்த வார்த்தைல புள்ளி வைக்கிற எழுத்தே கிடையாது பாரு. அதனால புள்ளி தனியாத் தெரியும். ஒரு புள்ளின்னா கசிவு இருந்துச்சு, இறுக்கியாச்சு, பத்து நாள்ல போய்த் திரும்பப் பாருன்னு அர்த்தம். ரெண்டு புள்ளின்னா குழாயே போச்சு, சும்மா சுத்தி வச்சிருக்கு."

"மூணு புள்ளி?"

"மூணு வச்சா ஆயுத எழுத்து ஆயிடும். அதெல்லாம் நமக்கு வேணாம்."

கெட்ட எண்ணத்தில் தொடங்கிய வழக்கம் இல்லை. ஜனங்கள் பட்டினி கிடக்க வேண்டாம், கசிவும் நிற்க வேண்டும் என்றுதான். பத்து நாளில் போய்ப் பார்க்கவும் செய்தார்கள். பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். பத்து நாள் ஒரு மாதமானது. மாதம் வருஷமானது. புள்ளி மட்டும் தவறாமல் விழுந்தது.

போன வருஷம் பழைய ஷீட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஏற்றியவர்களுக்குப் புள்ளியின் கதை தெரியாது. வாசனை என்று தட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்கள். கணக்கெடுத்தால் ஐந்து வருஷத்தில் பதினோராயிரம் வாசனை. கசிவு ஒன்றுகூட இல்லை.

மூக்கன் அன்றைய ஷீட்டில் வாசனை என்று எழுதினான். சாவி எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"போன தடவையும் இங்க ரெண்டுதான வச்ச? நாலு புள்ளி ஆச்சு. கோலமே போட்டுடலாம்."

மூக்கன் சிரிக்கவில்லை.

*

சட்டசபையில் ஒரு மசோதா வந்திருந்தது. மின்சார, எரிவாயுச் சேவை ஒழுங்குமுறைச் சீர்திருத்தம் என்று நீளமான பெயர். ஜனங்கள் புதுச்சட்டம் என்றார்கள். அதன் பத்தொன்பதாம் பிரிவு இப்படிச் சொன்னது: ஐந்து வருஷம் தொடர்ந்து கசிவுப் பதிவு இல்லாத கம்பெனி, தன் குழாய்களைத் தானே சோதித்துத் தானே சான்று கொடுத்துக்கொள்ளலாம். பழைய குழாய்களை மாற்ற வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. மின்கம்பங்களுக்கும் இதே மாதிரி ஒரு பிரிவு. ஓட்டெடுப்புக்கு முன்னால் சட்டசபைக் குழு ஒன்று ஊர் ஊராக வந்து கருத்துக் கேட்டது.

கம்பெனி தன் பக்கம் பேச ஒரு தொழிலாளியைத் தேடியது. சூப்பர்வைசர் மைத்துனனைக் கைகாட்டினார்.

அதைச் சொல்ல அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீடுதான். வருவதற்குச் செருப்புக்கூடத் தேவையில்லை. ஆனால் அன்று ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மூக்கனுடைய பெண்டாட்டி அடுப்பறையில் இரண்டாவது ஈடு பன் போட்டுக்கொண்டிருந்தாள். ஆள் உயர பேக்கரி அடுப்பு, எரிவாயுவில் எரிவது. காலையில் நாலு தட்டு டீக்கடைகளுக்கு, சாயங்காலம் நாலு தட்டு ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு. மாவு பிசைந்து பிசைந்து அவளுக்குத் தோள் ஆண்பிள்ளைத் தோள் மாதிரி ஆகியிருந்தது. சுவரெல்லாம் ஈஸ்ட் புளித்த மணம்.

"உட்காருண்ணே. மாவு மூட்டை மேல உட்காராத, பேன்ட்டு வெள்ளையாயிடும்."

"நான் நிக்கறேன்." டைப் செய்த ஒரு தாளை நீட்டினார். "மாப்பிள, இதைப் படிச்சு மனப்பாடம் பண்ணிக்கங்க. செவ்வாய்க்கிழமை பத்து மணி, டவுன் ஹால்."

மூக்கன் வாங்கிப் படித்தான். 'பதின்மூன்று ஆண்டுப் பணியில் நான் கண்டவை சாதாரண வாசனைப் புகார்களே. நமது குழாய் அமைப்பு பாதுகாப்பானது.'

"இது நான் பேசற பாஷை இல்லையே, மச்சான்."

"குழுவுக்கு உங்க பாஷை வேணாம். ரெண்டு வரி. சொல்லிட்டு இறங்கிடுங்க."

"ரெண்டு வரியும் பொய்."

தட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "என்ன பொய்?"

"உனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ் விஷயம்," என்றார் அண்ணன்.

"ஆபீஸ் விஷயம்னா ஆபீஸ்ல பேசுங்க. என் அடுப்பு முன்னால நின்னு பேசினா எனக்கும்தான் காது இருக்கு."

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள, பொய்யோ நிஜமோ, ஷீட்ல என்ன எழுதியிருக்கு? வாசனைன்னுதான? எழுதினது யாரு? நீங்க. நான் எழுதினேனா?"

"சொல்லிக் கொடுத்தது யாரு?"

"ஓ. அப்படி வர்றீங்களா?" அவர் சிரித்தார். சிரிப்பில் ஈரமே இல்லை. "வேலை இல்லாம, பஸ் ஸ்டாண்ட்ல பேப்பர் படிச்சிட்டிருந்த ஆளைக் கூட்டிட்டு வந்து கையில ஸ்பேனரைக் குடுத்ததும் நான்தான். அதையும் சேத்துச் சொல்லுங்க குழுகிட்ட."

"நான் போகலை மச்சான். வேற யாரையாவது அனுப்புங்க."

"பேர் குடுத்தாச்சு. போகலைன்னா ஏன் போகலைன்னு கேப்பாங்க. தோண்டுவாங்க. தோண்டறது உங்க தொழிலா இருக்கலாம், மாப்பிள. மத்தவன் தோண்டினா நம்ம ரெண்டு பேர் குழியும்தான் சேந்து தெரியும்."

அவர் போனபின் அவள் கையில் ஒட்டிய மாவை உரித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணன் பேருக்குக் கெடுதி வர்ற மாதிரி ஏதாவது பண்ணப்போறீங்களா?"

"உங்க அண்ணன் என்ன சொன்னார்னு கேட்டியா?"

"கேட்டேன். புரியலை. புரிய வேணாம். அம்மா அப்பா போனப்புறம் எனக்குத் தலை வாரி விட்டவரு. அவர் தலை குனியற மாதிரி நீங்க எதையும் வாய் தவறிச் சொல்லிடக்கூடாது. அவ்வளவுதான்."

"வாய் தவறாது," என்றான். அவளுக்கு அது வாக்குறுதியாகக் கேட்டது.

புள்ளியைப் பற்றி அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் நிற்கிற இடத்துக்கு அடியில் ஓடுகிற குழாய்க்கு எத்தனை தடவை இரண்டு புள்ளி வைத்தான் என்பது அவனுக்கு மனப்பாடம். சொல்லவில்லை. அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து வைத்தான். ஆறு வருஷமாக அவன் செய்துவருவது அது ஒன்றுதான்.

"மழைச்சாரல் அடிக்குது, மூடுங்க," என்றாள்.

"இருக்கட்டும்."

*

டிப்போவிலும் செய்தி பரவிவிட்டது. திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்கிற ஆறு பேரும் அவனைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். வழக்கமாக அவரவர் டப்பாவிலிருந்து அடுத்தவன் டப்பாவுக்கு ஏதாவது போகும். அன்று மூடிகள் பாதிதான் திறந்தன.

"நாளைக்கு நீ வாயைத் திறந்தா," என்றான் வெல்டர், "பதினோராயிரம் ஷீட்டும் பொய் ஷீட்டு. எல்லாத்துலயும் நம்ம கையெழுத்து. லைசென்ஸ் போகும். ஜெயிலுக்கும் போகலாம்."

"நான் என்ன சொல்லப்போறேன்னு யார் சொன்னா?"

"உன் மூஞ்சி சொல்லுது. மூக்கு மட்டும் இல்ல, உனக்கு மூஞ்சியும் பெரிசு."

சாவி முட்டையை உரித்துக்கொண்டே சொன்னான். "எனக்கு ஒண்ணுதான் புரியலை. ஆணையத்தையும் ரெகுலேட்டர்னு சொல்றாங்க, நம்ம கையில இருக்கறதையும் ரெகுலேட்டர்னு சொல்றாங்க. நம்மது வாஷர் போனா சத்தம் போடும். அது ஏன் இத்தனை வருஷமா சத்தமே போடலை?"

யாரும் சிரிக்கவில்லை. வெல்டர் எழுந்துபோகும்போது மூக்கனின் தண்ணீர் பாட்டிலைக் காலால் இடறிவிட்டுப் போனான். தெரியாமல் பட்ட மாதிரிதான் இருந்தது. திரும்பி எடுத்து வைக்கவில்லை.

*

டவுன் ஹாலில் தகரக் கூரை. மழை விழுகிற சத்தத்தில் ஒவ்வொருவரும் இரண்டு தடவை பேச வேண்டியிருந்தது. மேடையில் ஐந்து உறுப்பினர்கள். நடுவில் தலைவர். ஓரத்தில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்ட ஒரு அம்மாள். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மின்சாரம். ஒரு லைன்மேனைக் கூப்பிட்டார்கள்.

"உங்க ஏரியாவுல கம்பம் எதுவும் சாய்ஞ்சிருக்கா?"

"இல்லைங்கய்யா. கம்பம் நேராத்தான் இருக்கு. தெருதான் சாய்ஞ்சிருக்குன்னு எழுதச் சொல்லியிருக்காங்க."

ஹால் சிரித்தது. அவனுடைய அதிகாரி சிரிக்கவில்லை.

பிறகு எரிவாயு. மூக்கன் மேடை ஏறினான். மூன்றாவது வரிசையில் அவனுடைய பெண்டாட்டி தெருப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். புருஷன் மைக்கில் பேசுகிறான் என்று நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். அண்ணன் முதல் வரிசையில், கம்பெனி வக்கீலுக்குப் பக்கத்தில்.

மூக்கன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தான். மழையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தது. முதல் வரியைப் படிக்க வாயைத் திறந்தான். அதற்குள் அந்த அம்மாள் கையை உயர்த்தினாள்.

"அதை அப்புறம் படிங்க. எனக்கு ஒரு சந்தேகம். கம்பெனிகிட்ட நான் பழைய ஷீட்டுங்க கேட்டிருந்தேன். அதிக தடவை ஆள் போன தெருவோடது. பழைய வார்டு, நாலாவது தெரு. ஆறு வருஷத்துல முப்பத்தொரு தடவை போயிருக்காங்க. முப்பத்தொண்ணும் வாசனை." ஒரு ஷீட்டைத் தூக்கிப் பிடித்தாள். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"வாசனைங்கற வார்த்தை மேல ரெண்டு புள்ளி இருக்கே. என்ன அது?"

வக்கீல் எழுந்தார். "மேடம், அது பேனா மை. மழையில வேலை செய்யற தொழிலாளிங்க. மை சிந்தியிருக்கும்."

"முப்பத்தொரு ஷீட்லயும் ஒரே இடத்துலயா? எனக்குத் தெரிஞ்சு எந்தப் பேனாவுக்கும் அவ்வளவு ஒழுக்கம் கிடையாது." கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. மையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வக்கீலே பாதி சொல்லிவிட்டார். மூக்கன் மச்சானைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைப் பார்த்தான். அவளுக்கு என்ன கேட்கிறார்கள் என்றே விளங்கவில்லை. ஆனால் அண்ணனின் பிடரி விறைத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, இவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"மை இல்லம்மா," என்றான்.

கூரைச் சத்தத்தில் கேட்கவில்லை. "சத்தமா."

"மை இல்ல. நான் வச்ச புள்ளி. ரெண்டு புள்ளின்னா கசிவு. இறுக்கினா நிக்காத கசிவு. குழாய் உளுத்துப்போச்சு, மாத்தணும்னு அர்த்தம்."

"ஒரு புள்ளி?"

"கசிவு. இறுக்கியாச்சு. திரும்பப் பாக்கணும்."

"புள்ளி இல்லாத வாசனை?"

"அதுதான் நிஜமாவே வாசனை. யாராவது அழுகின முட்டையைக் கொட்டியிருப்பாங்க."

இந்தத் தடவை ஹால் சிரிக்கவில்லை.

"புள்ளி இல்லாதது எத்தனை இருக்கும்?"

"பத்துக்கு ஒண்ணு."

தலைவர் குனிந்து பக்கத்திலிருந்தவர் காதில் என்னவோ சொன்னார். வக்கீல், "இந்தச் சாட்சி மனநிலை சரியில்லாம..." என்று தொடங்கினார். அந்த அம்மாள் கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"இதை யார் ஆரம்பிச்சது?"

மூக்கன் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தான்.

"யாரோ சொல்லித்தான கொடுத்திருப்பாங்க?"

"ஷீட்டுக்குக் கீழ என் கையெழுத்து இருக்கும்மா. அதை வச்சுக்கங்க."

"அதுக்குப் பக்கத்துல இன்னொரு கையெழுத்து இருக்கே, சூப்பர்வைசர்னு போட்டு. முப்பத்தொண்ணுலயும்."

யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் நடந்து வெளியே போனார். வேகமாகப் போகவில்லை. ஷூ மட்டும் ஈரத்தரையில் கீச்சிட்டது.

பதினைந்து நிமிஷம் கூடிப் பேசிவிட்டுத் தலைவர் அறிவித்தார். மசோதா இன்னும் சட்டமாகவில்லை. பழைய சட்டம்தான் நடப்பில் இருக்கிறது. கசிவு தெரிந்தபின் ஒரு பொழுதும் தாமதிக்கக் கூடாது என்பது அதன் விதி. ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரி ஒருவரும் மேடையோரத்தில் இருந்தார், உத்தரவு அவருடையது. நாலாவது தெரு இன்றே மூடப்படும். மற்ற தெருக்கள் நாளை முதல் சோதிக்கப்படும். பத்தொன்பதாம் பிரிவு நிறுத்தி வைக்கப்படுகிறது.

*

வெளியே கூரைவிளிம்புக்குக் கீழே அவள் ஒதுங்கி நின்றிருந்தாள். நல்ல புடவையின் கீழ்விளிம்பு சேறாகியிருந்தது. அண்ணனைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தான்.

"நாலாவது தெரு நம்ம தெரு," என்றாள்.

"ஆமா."

"ரெண்டு புள்ளின்னா குழாய் உளுத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"ஆமா."

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"ஆறு வருஷமா நான் அது மேல நின்னு நெருப்பு மூட்டறேன். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. உனக்குத் தெரியும்."

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"ஜன்னலைத் திறந்து வச்சேன்..."

"ஜன்னலையா?" குரல் உயர்ந்தது. பீடி பற்ற வைக்க ஒதுங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் சாரல் அடிக்குது, சாரல் அடிக்குதுன்னு கத்தறேன். நீ ஜன்னலைத் திறந்து வச்சே. வாயைத் திறக்கலை. பக்கத்து வீட்ல அவரு. அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டு, என்னை அடுப்பு முன்னால நிக்க வச்சிருக்கீங்க. மைக்கு முன்னால நின்னாத்தான் உனக்கு நிஜம் வருமா?"

"அங்கயும் நீ வேணாம்னுதான் தலையாட்டின."

"எனக்கு என்ன தெரியும்னு ஆட்டினேன்?"

அவள் மழையில் இறங்கி நடந்தாள். கம்பெனி வக்கீல் குடையோடு அவனைத் தாண்டிப் போகும்போது, "நாளைக் காலைல சஸ்பென்ஷன் ஆர்டர் வரும். இன்னிக்கு ட்யூட்டி முடிக்கணும். தெருவை மூடுங்க," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

*

தெருவை மூடுவது ஒரே திருப்பில் முடிகிற வேலை இல்லை. முதலில் ஒவ்வொரு வீட்டு மீட்டரையும் மூட வேண்டும். கடைசியில்தான் தெருமுனைப் பெரிய வால்வு. ஒரு வீடு விட்டுப்போனாலும், திரும்பத் திறக்கிற நாளில் அந்த வீட்டில் அணைந்த அடுப்பிலிருந்து வாயு வரும். அதனால் வீட்டுக்கு ஒரு தாள், தாளுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து. இரண்டு ஆள் போக வேண்டும் என்பது விதி. வந்தவன் சாவி ஒருத்தன்தான்.

"ரெண்டு ஆள் வேணும்னுதான் வந்தேன்," என்றான் அவன். "பேச வரலை."

பேசவும் இல்லை. வழக்கமாக வீட்டுக்கு வீடு ஒரு கேலி செய்கிறவன், அன்று மூடிவிட்டுத் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டான்.

தெரு பேசியது.

"குழந்தைக்குப் பால் எதுல காய்ச்சறது? உன் மூக்குலயா?"

"இத்தனை வருஷம் தெரியாத கசிவு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

"தெரியாத கசிவு இல்லக்கா. தெரிஞ்ச கசிவு. அதான் கேவலம்."

ஒரு கிழவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கையெழுத்துப் போட்டுத்தான் எல்லாரும் நம்மை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தார்கள் என்றார். மூக்கன் அவர் வாசலில் அரைமணி நேரம் நின்றான். கடைசியில் அவர் மருமகள் போட்டாள். முப்பதாம் எண் வீட்டில் கதவைத் திறந்தவன் மூக்கனின் காலடியில் துப்பினான். பிறகு ஒதுங்கி நின்று மீட்டருக்கு வழி விட்டான். மூக்கன் துப்பலைத் தாண்டிப் போய் வால்வைத் திருப்பினான். வேலை என்று வந்துவிட்டால் அவன் கை தானாக நடக்கும். கால் திருப்பு, அரைத் திருப்பு, ஸ்பேனரால் ஒரு தட்டு, ஈயச் சீல், தாள்.

ஐம்பத்தாறாம் வீட்டை முடித்தபோது சாயங்காலம். மழை விட்டிருந்தது. அடுத்தது ஐம்பத்தேழு, அவனுடைய வீடு. சாவி வாசலிலேயே நின்றுகொண்டான்.

அவள் புடவை மாற்றியிருந்தாள். கையில் மாவு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பன்கள் உப்பி, நிறம் ஏறாமல் வெளுத்து நின்றன. கேன்டீனுக்கு அது கடைசி ஈடு. அடுத்த ஈடு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான்.

"எட்டு நிமிஷம்."

அவன் மீட்டர் பக்கம் போகாமல் நின்றான். ஐம்பத்தாறு வீட்டிலும் அவன் அப்படி நிற்கவில்லை. கிழவரின் வாசலில் நின்றது கையெழுத்துக்காக.

"மத்தவங்க எல்லார் வீட்லயும் எட்டு நிமிஷம் குடுத்தியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப மூடு."

அவளே திருகை அணைத்தாள். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நாலு தட்டுகளையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்து மேஜைமேல் வைத்தாள். வேகாத பன்கள் காற்றுப் பட்டதும் நடுவில் அமுங்கின. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் உள்ளே போய் மீட்டரை மூடிச் சீல் வைத்துவிட்டு வந்து தாளை நீட்டினான்.

அவள் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தைக்கூட அண்ணன் காட்டிய இடத்தில் போட்டவள். இன்று தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மேலிருந்து கீழ்வரை படித்தாள். விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக. தாளில் மாவு ஒட்டியது.

"நேரம் போடலை," என்றாள்.

"என்ன?"

"மூடின நேரம்னு இருக்கு. காலியா இருக்கு. காலியா விட்டா அப்புறம் யார் வேணா என்ன வேணா எழுதலாம்."

அவன் தாளை வாங்கி நேரத்தை எழுதினான். ஐந்து மணி பத்து நிமிஷம். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு."

அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினான். அவள் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்தும் கீழே பெரிதாக ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே வந்தான். அடுத்தது ஐம்பத்தெட்டு. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. படியில் ஈரமான ஷூ ஜோடியாகக் கிடந்தது. சாவி மணியை அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஆள் இல்ல போல. இந்த வீட்டை விட்டுட்டுப் போயிடலாமா? பூட்டியிருந்ததுன்னு எழுதிக்கலாம்."

அவள் கதவருகில் வந்து நின்றிருந்தாள். தட்டிலிருந்த வேகாத பன்களைப் பழைய மாவுச் சாக்கில் கொட்டிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன் உள்ளதான் இருக்காரு. திறக்கற வரைக்கும் தட்டு."

மூக்கன் படி ஏறினான். தட்டினான்.